கபோதிமோந்தே அரண்மனையில் கரவாஜியோவின் ‘கசையடி’: முதன்முறை காணச் செல்வோருக்கு

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு வடக்கே உயரும் குன்றின் மேல் கபோதிமோந்தே அரண்மனை இருக்கிறது. ‘மலையின் தலை’ என்பது அந்தப் பெயரின் பொருள். இயேசு கிறிஸ்துவைத் தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்க முனையும் காட்சியைக் கரவாஜியோ 1607-ஆம் ஆண்டில் தீட்டிய பெரிய ஓவியம் இந்த அரண்மனையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஓவியக் கலையில் எந்தப் பயிற்சியும் இல்லாமல், ஒருவேளை வாழ்நாளில் ஒரே ஒருமுறை, அரை நாள் அவகாசத்தோடு அங்கே போகிறவரை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் முதன்முறை சென்றபோது வழியில் எதையும் பாராமல் விரைந்து, ஓவியத்துக்கு மிக அருகில் போய் நின்றுவிட்டேன். பத்து நிமிடம் பார்த்தும் அதன் ஆற்றலில் பாதிதான் என்னிடம் வந்து சேர்ந்தது. திரும்பிப் போகும்போது, பல அறைகளுக்கு அப்பாலிருந்து தற்செயலாக ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் எங்கே தவறினேன் என்பது புரிந்தது. இந்த ஓவியத்தைத் தொலைவிலிருந்து தொடங்கி, நடந்து நெருங்கிக் காண வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு நடையைச் சரியாக நடப்பதற்கானவை.

புறப்படும் முன்

முதலில், ஓவியம் ஊரில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். புகழ்பெற்ற ஓவியங்கள் பயணம் போகின்றன. 2023 ஜூன் முதல் 2024 ஜனவரி வரை பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நடந்த பெருங்காட்சிக்குக் கபோதிமோந்தேயின் முதன்மையான ஓவியங்கள் பல அனுப்பப்பட்டபோது இதுவும் போயிற்று. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்ப்பதோடு நின்றுவிடாமல், நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். ‘தோவே லா ஃபிளாஜெல்லாத்ஸியோனே தி கரவாஜ்ஜோ?’ என்றால் ‘கரவாஜியோவின் கசையடி எங்கே இருக்கிறது?’ என்று பொருள். இத்தாலிய மொழி வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இந்த ஒரு வாக்கியம் அங்கே போதும். சீரமைப்புப் பணிகளாலும் பணியாளர் ஏற்பாடுகளாலும் எல்லாக் கூடங்களும் எல்லா நேரத்திலும் திறந்திருப்பதில்லை என்பதால், இரண்டாம் மாடி இன்று எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடப்படுவதால், பயணிகள் அந்த நாளை மட்டும் தவிர்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கபோதிமோந்தேயின் வழக்கமான விடுமுறை நாள் புதன்கிழமை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அன்று கூட்டம் மிகும் என்பதால், அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர் கட்டணம் கொடுத்து வேறொரு நாளில் செல்வதே மேல் என்பது என் கருத்து. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, எந்த நாட்டவராயினும், எல்லா நாளும் இலவசம்.

நகரின் நடுவே இருக்கும் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்திலிருந்து அரண்மனை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வழி முழுவதும் மேடு. இளையவர்கள் நடந்தே ஏறிவிடலாம்; வெயில் காலத்திலும் முதியவர்களோடு செல்லும்போதும் பேருந்திலோ டாக்சியிலோ போவதே அறிவுடைமை. களைத்து, வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவரால் இந்த ஓவியத்துக்குரிய பொறுமையைத் தர முடியாது. அரண்மனையைச் சுற்றி ஏறத்தாழ 134 ஹெக்டேர் பரப்பில் அரசர்களின் பழைய வேட்டைக்காடு ஒரு பூங்காவாக விரிந்து கிடக்கிறது. அதற்குள் செல்லக் கட்டணம் இல்லை. அங்கே மரநிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போங்கள்.

தெரிந்துகொண்டு போக வேண்டிய கதை

நிறையப் படித்துவிட்டுப் போகத் தேவையில்லை. ஆனால் இரண்டு கதைகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று ஓவியத்துக்குள் இருப்பது, மற்றொன்று ஓவியரைப் பற்றியது.

எருசலேமில் உரோமை ஆளுநர் பிலாத்து, இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுக்கும் முன் அவரைச் சாட்டையால் அடிக்கச் செய்தார். மத்தேயு, மாற்கு, யோவான் ஆகிய மூன்று நற்செய்திகளும் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அடித்தவர்கள் எத்தனை பேர், எங்கே நின்றார்கள், அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அங்கே இல்லை. தூணைப் பற்றிக்கூட நற்செய்திகள் எதுவும் சொல்லவில்லை. தூண் பக்தி மரபில் வந்து சேர்ந்தது. செபமாலை சொல்லும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு, துயர மறைபொருள்களில் இரண்டாவதாக வரும் ‘கற்றூணில் கட்டுண்டு அடிபட்ட’ இயேசுவைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தெரியும். அந்தக் கற்றூணைத்தான் கரவாஜியோவும் வரைந்திருக்கிறார். நற்செய்தியின் ஒரு வரிக்கும் ஓவியத்தின் முழுப் பரப்புக்கும் நடுவே இருக்கும் அத்தனையும் ஓவியர் தாமே முடிவு செய்தவை. அவர் எதைக் காட்டத் தீர்மானித்தார் என்று கேட்டுக்கொண்டே பார்த்தால், பார்க்க வேண்டியவை தாமாகவே கண்ணில் படத் தொடங்கும்.

ஓவியரின் இயற்பெயர் மிக்கேலாஞ்சலோ மெரிசி. 1571-இல் பிறந்தவர். கரவாஜியோ என்பது அவருடைய குடும்பத்தின் ஊர்ப்பெயர். உரோமையில் பெரும்புகழ் பெற்றிருந்த அவர், 1606 மே 28 அன்று ஒரு சண்டையில் ரனுச்சியோ தொமஸ்ஸோனி என்பவரைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு ஓடினார். அவருக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதிப் பகுதியில், அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்த நேப்பிள்ஸுக்கு வந்து சேர்ந்தார். வந்த சில மாதங்களுக்குள்ளேயே பெரிய பலிபீட ஓவியங்களைத் தீட்டித் தரும் பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன. அவற்றுள் ஒன்றுதான் ‘கசையடி’. தே ஃபிராங்கிஸ் குடும்பத்தினர், சான் தொமெனிக்கோ மஜ்ஜோரே தேவாலயத்தில் தங்களுக்கு உரிய சிற்றாலயத்துக்காக இதைக் கேட்டனர். அதற்கான பணம் கொடுக்கப்பட்டதைக் காட்டும் 1607 மே மாதத்து வங்கிக் குறிப்பு இருப்பதால்தான் ஓவியத்தின் காலத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. அந்தக் கோடையிலேயே அவர் மால்டா தீவுக்குச் சென்றுவிட்டார். 1610-இல், உரோமைக்குத் திரும்பும் முயற்சியில் வழியிலேயே, 38 வயதில் இறந்தார்.

தண்டனைக்குத் தப்பி ஓடி வந்த ஒருவர், தண்டிக்கப்படும் ஒருவரைத் தீட்டியிருக்கிறார் என்பதை நினைக்காமல் இருப்பது கடினம். ஆயினும் ஓவியத்தை ஓவியரின் வாழ்க்கைக்கு விளக்கப்படமாக ஆக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் செய்தியை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு முன்னே இருப்பதைப் பாருங்கள்.

ஆலயத்திலிருந்து அரண்மனைக்கு

இது அரண்மனைக்காகத் தீட்டப்பட்ட ஓவியம் அன்று. சான் தொமெனிக்கோ மஜ்ஜோரே, தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று அழைக்கும் புனித தொமினிக்கின் சபைத் துறவிகளுக்கு உரியது. இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தம் இறுதிக் காலத்தில் தங்கிக் கற்பித்த இடமும் அதுவே. அங்கே மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில், முழந்தாளிட்டு, கீழிருந்து மேல்நோக்கிப் பார்ப்பவர்களுக்காக இந்த ஓவியம் உருவானது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1972-இல், பாதுகாப்புக் கருதி அது கபோதிமோந்தேக்குக் கொண்டுவரப்பட்டது.

அரண்மனையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நேப்பிள்ஸின் அரசராகியிருந்த போர்போன் மரபின் சார்லஸ் 1738-இல் இதைக் கட்டத் தொடங்கினார். தம் தாய் எலிசபெத்தா ஃபர்னேசே வழியாக வந்த பெரும் கலைத்தொகுப்பை வைக்க அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கட்டுமானம் முற்றுப்பெற ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1957 முதல் இது தேசிய அருங்காட்சியகமாக இயங்குகிறது. சிவந்த சுவர்களும் சாம்பல்நிறக் கல் சட்டங்களும் கொண்ட அந்த நீண்ட கட்டடத்தைத் தொலைவிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

நமக்கு முக்கியமானது அதன் உள்ளமைப்பு. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, அவற்றின் வாயில்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் திறக்கின்றன. ஒரு வாயிலில் நின்றால் அடுத்தடுத்த வாயில்களின் வழியே கடைசி அறைவரை பார்வை ஓடும். அரசரின் பெருமையைக் காட்டுவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட இந்த அமைப்பின் கோடியில், தூணில் கட்டுண்ட ஒருவரின் உடல் வைக்கப்பட்டது. ஆலயத்தில் இருட்டும் முழந்தாளிட்ட நிலையும் ஓவியத்துக்கு எதைக் கொடுத்தனவோ, அதற்கு ஈடான ஒன்றை அரண்மனையில் இந்தத் தொலைவு கொடுக்கிறது.

நடையைத் தொடங்குவது

பைகளையும் குடைகளையும் வைப்பறையில் விட்டுவிட்டு, நேராக இரண்டாம் மாடிக்கு ஏறிவிடுங்கள். முதல் மாடியில் ஃபர்னேசே தொகுப்பின் அருமையான ஓவியங்களும், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான் துண்டுகளால் ஆன அரசியின் சிற்றறையும் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்க்கலாம். கண் எத்தனையோ ஓவியங்களை ஏற்கும். மனம் ஒரு நாளில் சிலவற்றைத்தான் ஏற்கும். அது களைக்கும் முன்னே ‘கசையடி’யிடம் போய்ச் சேர வேண்டும்.

ஆனால் இரண்டாம் மாடியில் இரண்டே இரண்டு இடங்களில் நில்லுங்கள். முதலாவது, சிமோனே மார்த்தினி 1317-ஆம் ஆண்டளவில் தீட்டிய தூலூஸ் நகர்ப் புனித லூயியின் ஓவியம். அதன் பின்புலம் முழுவதும் பொன். அங்கே வெளிச்சம் எங்கிருந்தோ வந்து விழுவதில்லை. பொன்தகடு தானே ஒளிர்கிறது. புனிதர் நிற்கும் இடம் இந்த உலகம் அன்று என்பதை அது சொல்லிவிடுகிறது. இரண்டாவது, வெனிஸ் நகர ஓவியர் திஷியனின் ‘மங்கள வார்த்தை’; இயேசு பிறப்பார் என்று வானதூதர் மரியாவுக்கு அறிவிக்கும் காட்சி. இதுவும் அதே சான் தொமெனிக்கோ தேவாலயத்திலிருந்து வந்ததே. அன்னை மரியாவின் தலைக்கு மேலே மேகம் விலக, வானத்திலிருந்து ஒளி பொழிகிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் அனுப்புகிறார் என்பதை ஓவியமே காட்டுகிறது.

இந்த இரண்டு ஒளிகளையும் கண்ணில் ஏற்றிக்கொண்டு மூன்றாவது ஒளியிடம் போகிறீர்கள். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. அது பொன்னும் அன்று, வானமும் அன்று. இருட்டறைக்குள் பக்கவாட்டில் மேலிருந்து விழுந்து, விழுந்த இடத்தில் இருப்பதை மட்டும் காட்டுகிறது. பரோக் காலத்துச் (பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய கலைப்பாணியின் காலம்) சமய ஓவியம் எதை மாற்றியது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட, இந்த மூன்றையும் இந்த வரிசையில் பார்ப்பது தெளிவாக விளக்கிவிடும்.

முதல் நிறுத்தம்: தொலைவிலிருந்து

அறைவரிசையின் நேர்க்கோட்டுக்கு வந்தவுடன் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருண்ட ஓவியத்தின் நுண்மைகள் தெரியச் சில நிமிடங்கள் பிடிக்கும். சன்னல் வழியே வெயிலைப் பார்ப்பதையும் இப்போது தவிருங்கள்.

வாயிலின் நடுவில் நின்று பாருங்கள். அடுத்தடுத்த வாயில்நிலைகளுக்கு அப்பால் ஒரு வெளிறிய வடிவம் தெரியும். வேறெதுவும் தெரியாது. அது ஒரு மனித உடல் என்பதும், அந்த உடல் நேராக நிற்கவில்லை, சாய்கிறது என்பதும் மட்டும் புலப்படும். அதை அடிக்க வந்தவர்களை இந்தத் தொலைவில் கண் பிரித்தறியாது. இருட்டுக்குள் அவர் தனியாக இருப்பதுபோலத் தோன்றும். அந்தத் தனிமையை நன்றாக உள்வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் சில அடிகள் வைத்தால் அது போய்விடும்.

பிறகு மெதுவாக நடங்கள். இருபுறச் சுவர்களிலும் நல்ல ஓவியங்கள் இருக்கும்; திரும்பி வரும்போது அவற்றைப் பார்க்கலாம். பாதி வழியில் ஒரு வாயிலருகே மீண்டும் நில்லுங்கள். இப்போது இருட்டிலிருந்து மனிதர்கள் வெளிவரத் தொடங்குகிறார்கள். முதலில் ஒரு முதுகு, பிறகு ஒரு கை, பிறகு பாதி முகம். அவர்கள் அங்கேயே இருந்திருக்கிறார்கள், நாம்தான் காணவில்லை. தனியாக நின்ற ஒருவரை மூவர் சூழ்ந்திருக்கிறார்கள் என்பதை உங்கள் கால்களே கண்டுபிடிக்கின்றன. ஒளிப்படத்தில் பார்ப்பவருக்கு இது ஒருபோதும் கிடைக்காது, ஏனெனில் அங்கே எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் நிறுத்தம்: ஐந்து மீட்டரில்

ஓவியம் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் ஏறத்தாழ ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கித்தானின் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல், அகலம் 2 மீட்டருக்கு மேல். உருவங்கள் ஏறக்குறைய ஆளுயரம். எனவே அவர்கள் இருக்கும் இடமும் நீங்கள் இருக்கும் இடமும் ஒன்றுதான் என்ற உணர்வு எழும். அதை எதிர்க்காதீர்கள், பலிபீடத்தின் முன் நின்றவர்களிடம் ஓவியர் எழுப்ப விரும்பியதும் அதுவே.

இங்கே ஓவியத்தின் அமைப்பைப் பாருங்கள். கிறிஸ்து நடுவில். அவருக்குப் பின்னால் இருட்டோடு இருட்டாகத் தூண். இடப்புறம் ஒருவன் அவர் தலைமயிரைப் பற்றி இழுக்கிறான். மற்றொரு கையில் சாட்டை. வலப்புறம் ஒருவன் அவரைத் தூணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறான். இடப்புறம் கீழே மூன்றாமவன் குனிந்து, அடிப்பதற்கான மிலாறுகளை, அதாவது மெல்லிய குச்சிகளை, ஒன்றுசேர்த்துக் கட்டுகிறான். கிறிஸ்துவின் உடல் இவர்கள் நடுவே திருகி, முன்னோக்கித் தடுமாறுகிறது. வலிமையான, அழகிய உடல். பழங்காலப் பளிங்குச் சிலைகளின் உடல் அது. உரோமையில் சான் பியெத்ரோ இன் மொந்தோரியோ தேவாலயத்தில் செபஸ்தியானோ தெல் பியோம்போ இதே காட்சியைத் தீட்டிய சுவரோவியம் கரவாஜியோவின் மனத்தில் இருந்தது என்பது கலை வரலாற்று அறிஞர்களின் கருத்து. அங்கே உயர்ந்த தூண்கள் நிறைந்த மண்டபம் ஒன்று உண்டு. இங்கே மண்டபத்தை எடுத்துவிட்டார். சுவர் இல்லை, தரை சற்றே தெரிகிறது, வானம் இல்லை.

இப்போது இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடி விழுந்துவிட்டதா? விழவில்லை. ஒருவன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான், ஒருவன் இன்னும் மிலாறு சேர்த்துக்கொண்டிருக்கிறான். குருதி ஏறக்குறைய இல்லவே இல்லை. சாட்டையடியைத் தீட்டச் சொன்னவர்களுக்குக் கரவாஜியோ அதற்கு முந்தைய சில நொடிகளைத் தீட்டிக் கொடுத்திருக்கிறார். வரப்போவதை நாம் ஒவ்வொருவரும் நம் மனத்திலேயே நிகழ்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொடுமையான காட்சி என்று கேள்விப்பட்டுக் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள்.

மூன்றாம் நிறுத்தம்: அருகில்

தடுப்பு எதுவரை அனுமதிக்கிறதோ அதுவரை நெருங்குங்கள். மெருகெண்ணெய்ப் பூச்சில் விளக்கொளி பட்டுக் கண்கூசினால், ஓர் அடி இடமோ வலமோ நகர்ந்து, முழங்காலைச் சற்றே மடித்துப் பாருங்கள். இது கீழிருந்து காணப்பட வேண்டிய ஓவியம் என்பதால், தாழ்ந்து பார்க்கும்போது கூச்சம் குறைவதோடு உருவங்களும் சரியான உயரத்துக்கு வந்துவிடுகின்றன.

அருகில் வந்ததும் கைகளைப் பாருங்கள். எனக்கு இந்த ஓவியத்தின் உள்ளம் அங்கேதான் இருக்கிறது. மூவரின் கைகளும் வேலையில் இருக்கின்றன. மயிரைப் பற்றும் கை, கயிற்றை இறுக்கும் கை, மிலாறுகளுக்கு முடிச்சுப் போடும் கை. விறகு கட்டுகிறவனும் படகைக் கரையில் பிணைக்கிறவனும் எப்படிக் கட்டுவார்களோ அப்படியே, செய்து பழகிய கைகளின் திறத்தோடு கட்டுகிறார்கள். வலப்புறம் நிற்பவன் கட்டை இறுக்குவதற்கு வாகாகத் தன் காலைக் கிறிஸ்துவின் கெண்டைக்காலில் ஊன்றியிருப்பதைக் கவனியுங்கள். அவனுக்கு அது ஓர் உடல்கூட இல்லை. ஊன்றுகோல் போல ஓர் இடம். கிறிஸ்துவின் கைகளோ பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் காட்சியில் கைக்கு வேலை இல்லாதவர் அவர் ஒருவரே.

அடுத்து முகங்கள். இடப்புறம் இருப்பவனின் முகத்தில் கோபம் தெரியும், பற்களை நெறிக்கும் முயற்சியும் தெரியும். குனிந்திருப்பவனின் முகத்தில் முடிச்சின் மேலுள்ள கவனத்தைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை. வெயிலில் கறுத்த அவர்களுடைய தோலையும் கிறிஸ்துவின் வெளிறிய தோலையும் ஒப்பிடுங்கள். நேப்பிள்ஸ் துறைமுகத்துத் தெருக்களில் அன்றாடம் காணக்கூடிய உழைப்பாளிகளின் முகங்களாகவே இவை அன்றைய பார்வையாளர்களுக்குத் தோன்றியிருக்கும்.

இறுதியாக நிழல்களைப் பாருங்கள். கரவாஜியோ தம் பிற்கால ஓவியங்களில் கித்தானில் முதலில் பூசிய கரும்பழுப்பு அடிப்பூச்சைப் பல இடங்களில் மூடாமல் அப்படியே விட்டுவிடுவார். ஒளிபடும் பகுதிகளுக்கு மட்டும் வண்ணம் வைத்து, நிழலை அடிப்பூச்சிடமே ஒப்படைத்துவிடுவார். இதனால் வேலையும் விரைந்து முடியும், உருவங்களும் இருட்டால் செய்யப்பட்டவைபோல இருக்கும். ஒரு தோள் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று கோடு தேடிப் பாருங்கள். கிடைக்காது.

உடன் வருகிறவர்கள், படம் எடுப்பது

ஃபிளாஷ் இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்குப் படம் எடுக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு எடுங்கள். முழு ஓவியத்துக்கும் நல்ல படங்கள் எங்கும் கிடைக்கின்றன என்பதால், நான் சொல்வதென்றால், வாயில்களின் வழியே தொலைவில் தெரியும் அந்த வெளிறிய வடிவத்தை எடுங்கள். அதுதான் நீங்கள் நின்ற இடத்திலிருந்து நீங்கள் கண்டது.

அந்த அறையில் சிலர் செபிப்பார்கள். அருங்காட்சியகம் ஆனாலும் அவர்களுக்கு அது பலிபீட ஓவியம்தான். குரலைத் தாழ்த்திப் பேசுவதும், அவர்களுக்கும் ஓவியத்துக்கும் குறுக்கே நெடுநேரம் நிற்காமல் இருப்பதும் எல்லோரும் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதை.

குழந்தைகளோடு செல்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை ‘கசையடி’யைப் பற்றியது அன்று. ஆர்த்தெமீசியா ஜென்திலெஸ்கி 1612-13 அளவில் தீட்டிய ‘யூதித்து ஒலோபெரினைக் கொல்லுதல்’ இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் வாள் பாய்ந்து, படுக்கையில் குருதி வழிகிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள யூதித்து நூலின் கதை அது. பெரியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கரவாஜியோவின் ஒளியைக் கற்றுக்கொண்ட ஒரு பெண் ஓவியர், அவர் நிறுத்திக்கொண்ட நொடியைத் தாண்டிப் போயிருப்பதை அங்கே காணலாம். சிறு பிள்ளைகளை மட்டும் முன்கூட்டியே தயார்ப்படுத்திவிடுங்கள். ஸ்பெயினிலிருந்து வந்து நேப்பிள்ஸிலேயே தங்கிவிட்ட ரிபேராவின் ‘புனித ஜெரோமும் வானதூதரும்’ (1626) என்ற ஓவியத்தையும் தேடிப் பாருங்கள். முதுமையின் தோல் சுருக்கத்தை அவ்வளவு அன்போடு பார்த்த கண் அரிது.

திரும்பும் வழி

வந்த வழியே அறைவரிசையில் திரும்பி நடங்கள். ஒவ்வொரு வாயிலிலும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அடிப்பவர்கள் ஒவ்வொருவராக இருட்டுக்குள் போய்விடுவார்கள். அவர்களுடைய கைகளை அவ்வளவு அருகில் பார்த்த பிறகு, தொலைவில் தனியாகத் தெரியும் அந்த உடல் முதலில் கண்டதுபோல இராது.

நேரம் இருந்தால் மாலையில் நகருக்குள் இறங்கி இரண்டு இடங்களுக்குச் செல்லுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். நேப்பிள்ஸின் தேவாலயங்கள் பல நண்பகலில் மூடப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, திரிபுனாலி தெருவில் உள்ள பியோ மோந்தே தெல்லா மிசெரிகோர்தியா. கரவாஜியோ நேப்பிள்ஸுக்கு வந்ததும் 400 துகாத்துகளுக்கு (அக்கால நாணயம்) தீட்டிய ‘இரக்கத்தின் ஏழு செயல்கள்’, எந்த ஆலயத்துக்காகத் தீட்டப்பட்டதோ அதே ஆலயத்தின் முதன்மைப் பலிபீடத்தின் மேல் இன்றும் இருக்கிறது. தன் வீட்டை விட்டுப் போகாத கரவாஜியோ எப்படி இருக்கும் என்பதை அங்கே காணலாம்.

இரண்டாவது, அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள சான் தொமெனிக்கோ மஜ்ஜோரே. ஆந்திரேயா வக்காரோ தீட்டிய ‘கசையடி’யின் நகல் ஒன்று அந்த ஆலயத்துக்கு உண்டு. அசலைக் கண்டுவிட்டு வருகிறவருக்கு அது சற்றே உயிரற்றதாகத் தோன்றலாம். அதற்காக உடனே வெளியேறிவிட வேண்டாம். பக்கச் சிற்றாலயங்களில் ஒன்றின் முன்னே இருக்கையில் அமர்ந்து, தலையை உயர்த்திப் பாருங்கள். எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில், எவ்வளவு நெருக்கத்தில் அந்த வெளிறிய உடல் மூன்றரை நூற்றாண்டுகள் இந்த ஊர் மக்களின் மேல் சாய்ந்து நின்றது என்பதை அந்த இருக்கையிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.